கேபினை இறக்கிய காலை

அந்த லாரி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அதற்கு முன்கண்ணாடியும் இல்லை, சீட்டும் இல்லை. டிராக்டர் ஒன்று சங்கிலி கட்டி இழுத்து வர, என் வீட்டுக்காரர் கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் வாளி மேல் உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் கருவேல முள் கீறிய கோடுகள். பட்டாளத்தில் இருந்து திரும்பிய பிறகு அவர் முகத்தில் அப்படியொரு களையை நான் பார்த்ததில்லை. அதனால் வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டேன்.

அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி போகிற சாலையில், டவுன் முடிந்து கரிசல் தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. முன்னால் வீடு, பின்னால் தறிக்கூடம். விசைத்தறி ஓட்டுவது நான். அவர் பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர். ஓய்வு பெற்று வந்ததும் ஒரு மில்லில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். வருகிற போகிற கார்களுக்கெல்லாம் சல்யூட் அடிப்பது பிடிக்காமல் ஒரு நாள் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில்தான். காலையில் சவரம் செய்து, சட்டையை இன் பண்ணி, போக இடம் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். டீ ஆறிவிட்டது, தறிச் சத்தம் தலையைப் பிளக்கிறது என்று ஏதாவது ஒரு குறை. மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். தெலுங்கில்தான் பேசிக்கொள்வோம். அந்த நாட்களில் அதுவும் குறைந்துபோயிருந்தது.

லாரியை அவர் கண்டுபிடித்தது திருச்சுழி தாண்டி ஒரு கருவேலங்காட்டுக்குள். பட்டாளத்தில் கழித்துவிட்ட வண்டியை ஏலத்தில் எடுத்த யாரோ, போர்வெல் போடுகிற இடங்களுக்குக் குழாய் ஏற்றிப்போக வைத்திருந்து, எஞ்சின் நின்றதும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மலைப்பாதையில் வருஷக்கணக்காக அவர் ஓட்டியது இதே மாதிரி வண்டிதானாம். "கேபினை மட்டும் முதல்ல சரி பண்ணிட்டேன்னா போதும். எஞ்சினு அப்புறம் பாத்துக்கிரலாம்" என்றார். ஏன் கேபின் என்று கேட்டேன். அதற்குள்ளேதான் தூங்கினோம், சமைத்தோம், பனியில் மாட்டிக்கொண்டால் நாள்கணக்கில் அதற்குள்ளேதான் கிடந்தோம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பட்டாளத்தைப் பற்றி அவ்வளவு பேசியதே அதிகம்.

லாரி வந்ததும் பக்கத்து வீட்டோடு தகராறு வந்தது. எங்கள் முற்றத்துக்குள் வண்டி முழுதாக அடங்கவில்லை. பின்பக்கம் சந்துக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் கிரேன் ஆபரேட்டர். அவருடைய அப்பா காலத்தில் கூலிக்குக் களையெடுக்கப் போன குடும்பம். இவர் காரியாபட்டிப் பக்கம் கம்பெனி ஷெட் போடுகிற இடங்களில் ஹைட்ரா கிரேன் ஓட்டுகிறார். அவர் மனைவி நூல் மில்லுக்குப் போகிறாள். அவளைக் கூட்டிப்போக மில் வேன் சந்துக்குள் வாசல் வரைக்கும் வரும். லாரி வந்த பிறகு வேனால் உள்ளே திரும்ப முடியவில்லை. அவள் மெயின் ரோடு வரை நடந்துபோய் நிற்க வேண்டியதாயிற்று. கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்த முடியுமா என்று அந்த மனுஷன் தன்மையாகத்தான் கேட்டார். என் வீட்டுக்காரர் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று எதிர்க்கேள்வி கேட்டார். அன்றோடு பேச்சு நின்றது. தண்ணீர் லாரி வருகிற நாளில் ஒருவர் குடத்தை ஒருவர் பிடித்துவைக்கிற வழக்கம் அவர் மனைவிக்கும் எனக்கும் இருந்தது. அதுவும் நின்றது.

கேபின் வேலை தொடங்கியதும் வீட்டில் வேறொரு சத்தம் சேர்ந்துகொண்டது. கிரைண்டர் வைத்துத் துருவைச் சுரண்டச் சுரண்ட, தகரம் எங்கே முடிகிறது, துரு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. தரைத்தகடு முழுக்க அப்பளம் மாதிரி நொறுங்கியது. பச்சை பெயிண்டுக்குக் கீழே வேறொரு பச்சை, அதற்குக் கீழே மண் நிறம். கதவுகளைக் கழற்றினார். போர்வெல் மோட்டாரை வெளியே எடுக்கிற இரும்பு முக்காலியை வாடகைக்குக் கொண்டுவந்து, அதில், கையை விட்டாலும் பாரத்தை அப்படியே நிறுத்திவைக்கிற செயின் பிளாக்கை மாட்டிக் கேபினைத் தூக்கினார். டிராக்டரை வைத்துச் சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, பின்னால் நகர்த்தி, கேபினைக் கட்டைகள் மேல் இறக்கி வைத்தார். தலை இல்லாத உடம்பு மாதிரி லாரி பாதி சந்தில் நின்றது.

ஒரு மத்தியானம் அவர் உள்ளே குனிந்து வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தபோது, தெறித்த பொறி ஒன்று சட்டையின் முதுகில் விழுந்து பிடித்துக்கொண்டது. அவருக்குத் தெரியவில்லை. நூல் மாற்றிவிட்டு வெளியே வந்த நான்தான் பார்த்தேன். நனைந்த சாக்கை எடுத்து அவர் முதுகில் அறைந்தேன். யாரோ அடிக்கிறார்கள் என்று நினைத்துக் கையை ஓங்கிக்கொண்டு திரும்பினார். கருகிய சட்டையைப் பார்த்த பிறகுதான் கை இறங்கியது. அன்று நான் ஒன்றுதான் சொன்னேன்: இனிமேல் தனியாக இந்த வேலையைச் செய்யக் கூடாது, நான் பக்கத்தில் நிற்கிற நேரத்தில்தான் செய்ய வேண்டும்.  மறுநாள் தறியை நிறுத்திவிட்டு நான் வருகிற வரை அவர் கிரைண்டரைத் தொடாமல் காத்திருந்தார்.

அப்படித்தான் எனக்கு அந்த வேலை பழகியது. தகரத்தை வெட்டப் பிடித்துக் கொடுத்தேன். மடக்கின ஓரத்தைச் சுத்தியலால் தட்டினேன். பட்டி பூசி உப்புத்தாள் தேய்ப்பதில் அவரைவிட என் கை நன்றாக இருந்தது. செயின் பிளாக் இழுப்பது என் பொறுப்பாகவே ஆகிவிட்டது. அவருக்கு இடது தோளில் பழைய வலி. வேலை நேரத்தில் அவர் பேசுவது எல்லாம் கட்டளைதான். தூக்கு, நிறுத்து, விடு. பட்டாளத்தில் அப்படித்தான் பேசியிருப்பார் என்று நானும் கண்டுகொள்வதில்லை.

கேபின் முடிந்து, பிரைமர் அடித்து, பச்சையும் அடித்து நின்றபோது ஐப்பசி வந்துவிட்டது. மழைக்கு முன்னால் ஏற்றிவிட வேண்டும் என்று ஒரு சாயங்காலம் டிராக்டரைக் கூப்பிட்டார். கேபினை முக்காலியில் தூக்கி, சேசிஸை அதற்குக் கீழே தள்ளினோம். சேசிஸ் மேல் குறுக்கே மரக்கட்டைகளைப் போட்டு அவற்றின் மேல் கேபினை உட்கார வைத்தோம். அதற்குள் இருட்டிவிட்டது. காலையில் கேபினைக் கொஞ்சம் தூக்கி, கட்டைகளை உருவி, அதிர்வு தாங்குகிற ரப்பர் புஷ்களை வைத்து, போல்ட் துளைகளுக்கு நேராக இறக்க வேண்டியதுதான் பாக்கி. ராத்திரி முழுக்க மழை பெய்தது.

விடிந்ததும் வானம் வெளுத்துவிட்டது. நான் முற்றத்தில் கால் வைத்தேன். செருப்போடு கரிசல் அப்பிக்கொண்டு வந்தது. ரெண்டு நாள் காயட்டும் என்றேன். பக்கத்து வீட்டில் சொல்லி ஞாயிற்றுக்கிழமை ஹைட்ராவைக் கொண்டுவரச் சொல்லலாமா என்றும் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது.

"அரைச்சாண் எறக்கிறதுக்கு அவுக வாசல்ல போயி நிக்கணுமா?"

முக்காலியின் மூன்று கால்களுக்கு அடியிலும் பலகை போட்டிருந்தார். கவனமில்லாமல் செய்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்றாவது கால் ஊன்றியிருந்தது தறிக்கூடத்துக் கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில். ராத்திரி முழுக்க அந்த இடத்தில்தான் தண்ணீர் கொட்டியிருக்கிறது. பார்வைக்கு அதுவும் மற்ற இடத்தைப் போலத்தான் தெரிந்தது.

நான் சங்கிலியை இழுத்துக் கேபினைத் தூக்கினேன். அவர் கட்டைகளை உருவிப் போட்டார். முன்பக்கத்து ரப்பர்களை வைத்தார். பின்பக்கத்து ரப்பர்களை வைக்க, கேபினுக்கும் பின்னால் சரக்கு ஏற்றுகிற பாடிக்கும் நடுவில் ஏறி நின்றார். ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையத்தான் அங்கே இடம். குனிந்து ஒரு ரப்பரை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "மெதுவா விடு" என்றார்.

நான் மெதுவாகத்தான் விட்டேன். கேபினின் ஒரு மூலை சேசிஸைத் தொட்டது. அப்போது எனக்குப் பக்கத்தில் சேற்றை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. முக்காலியின் தலை சாய்ந்தது. கேபின் ஆடி, பின்னால் போய், அவரைப் பாடியின் இரும்புச் சட்டத்தோடு வைத்து அழுத்தி நின்றது.

அவர் கத்தவில்லை. மூச்சு வெளியே போகிற சத்தம் மட்டும் வந்தது. இரண்டு கைகளும் கேபினுக்கு மேலே நின்றன. தலை எனக்குத் தெரிந்தது. முகம் முதலில் சிவந்து, பிறகு வேறு நிறத்துக்குப் போனது.

"இழு" என்றார். குரல் இல்லை, உதடுதான் அசைந்தது.

இழுத்தேன். சங்கிலி இறுகியது. அந்த நொடியே மூன்றாவது கால் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. பலகையின் ஒரு நுனி சேற்றுக்குள் மறைந்து மறுநுனி மேலே எழும்பியது. கேபின் அவர் மேல் இன்னும் சாய்ந்தது. அவர் கண் செருகியது. நான் கையை எடுத்தேன். கேபின் பாரத்தில் பாதியைச் சேசிஸ் தாங்கிக்கொண்டிருந்தது. நான் இழுத்தால் அந்தப் பாரமும் சேர்ந்து அந்தக் காலுக்குத்தான் போகிறது. அதை யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல மாட்டேன். கால் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான்.

"இழு" என்றார் மறுபடியும்.

"மாட்டேன்" என்றேன்.

கல்யாணமாகி வந்ததில் இருந்து அவரிடம் அந்த வார்த்தையை நேராகச் சொன்னதில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சங்கிலியை விட்டுவிட்டுத் திரும்பித் தறிக்கூடத்துக்குள் ஓடினேன்.

லாரியோடு வந்த பழைய திருகு ஜாக்கி அங்கே மூலையில் கிடந்தது. எண்ணெய் ஜாக்கி வேறொன்று இருந்தது. அதைப் படுக்க வைத்தால் வேலை செய்யாது என்று அவர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. திருகு ஜாக்கியை இரண்டு கையாலும் தூக்கினேன். ஓடிக்கொண்டே பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக் கத்தினேன். தெலுங்கில் கத்தினேன் என்று பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். என்ன சொன்னேன் என்று புரியவில்லையாம், குரல் மட்டும் புரிந்ததாம். பாதி பின்னிய தலையோடு, மில் அடையாள அட்டை கழுத்தில் தொங்க, அவள் சுவரின் மேலேயே ஏறிக் குதித்து வந்தாள். அவள் வீட்டுக்காரர் விடிகாலையிலேயே வேலைக்குப் போயிருந்தார்.

ஜாக்கியை அவர் மார்புக்குப் பக்கத்தில், கேபினுக்கும் பாடிச் சட்டத்துக்கும் நடுவில் படுக்கவைத்துத் திருக வேண்டும். ஒருத்தியால் முடியாது. ஜாக்கி நழுவினால் அவர் மேலேதான் விழும். நான் ஒரு பக்கம் டயரில் ஏறினேன். அவள் மறுபக்கம் ஏறி ஜாக்கியின் அடியைத் தாங்கினாள். புது பெயிண்ட் அடித்த தகரத்தில் ஜாக்கித் தலை வழுக்கியது. அவள் தன் துப்பட்டாவை மடித்து இடையில் திணித்தாள்.

"அக்கா, நீங்க திருகுங்க. நான் விட மாட்டேன்" என்றாள்.

திருகினேன். முதலில் ஜாக்கி நீண்டதே தவிரக் கேபின் அசையவில்லை. தகரம் உள்ளே குழிந்தது. நாங்கள் ஒட்டிய தகரம், நான் உப்புத்தாள் தேய்த்த இடம். குழிந்து குழிந்து, உள்ளே இருக்கிற சட்டத்தில் போய் முட்டியதும் நின்றது. அதற்குப் பிறகு கேபின் நகர்ந்தது. நூல் அளவு. அவர் உள்ளே ஒரு மூச்சை இழுத்தார். அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குத் தனியாகக் கேட்கும். இன்னொரு சுற்று. இன்னொரு மூச்சு. முக்காலியை நான் பார்க்கவே இல்லை. பார்த்தால் கை நின்றுவிடும் என்று தெரியும். அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "எறங்குது அக்கா, சீக்கிரம்" என்று ஒரு தடவை மட்டும் சொன்னாள்.

உடம்பு தளர்ந்து அவர் கீழே சரியத் தொடங்கியதும், அவள் ஒரு கையால் ஜாக்கியைத் தாங்கிக்கொண்டு மறுகையால் அவர் பெல்ட்டைப் பிடித்தாள். நான் குதித்து இறங்கிப் போய் அவர் காலைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து அவரை வெளியே கொண்டுவந்து சேற்றில் கிடத்தினோம். பிறகு அவள் கத்தியதும் அவரை இன்னும் தள்ளி இழுத்துக்கொண்டு போனோம். முக்காலி நிதானமாகத்தான் விழுந்தது. கேபின் சேசிஸ் மேல் கோணலாக விழுந்து, முன்கண்ணாடிச் சட்டம் மடங்கி, ஒரு கதவுத்தூண் வளைந்து நின்றது. மாதக்கணக்கில் செய்த வேலை.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், மில் வேன் மெயின் ரோட்டில் தனக்காக நிற்கிறது என்றாள் அவள். ஓடிப்போய் டிரைவரிடம் சொல்லிவிட்டும் வந்தாள். ஆனால் வேன் சந்துக்குள் வர முடியாது. எங்கள் லாரி நிற்கிறது. அவரை நடத்தித்தான் கூட்டிப்போக வேண்டும். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைத் தோளில் போட்டுக்கொண்டோம். நாலு அடிக்கு ஒரு முறை நின்று, வாயில் ஊறிய எச்சிலைத் துப்பினார். ரத்தம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் நான் குனிந்து பார்த்தேன். லாரியின் பின்பக்கத்தைச் சுவரோடு உரசிக்கொண்டு தாண்டினோம்.  வேனில் இருந்த பெண்கள் எல்லாரும் இறங்கி ரோட்டில் நின்றார்கள்.

டவுன் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, விலா எலும்புகள் விரிசல் விட்டிருக்கின்றன, நுரையீரலில் குத்தவில்லை என்றார்கள். டாக்டர் போன பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"எங்க போன?"

"ஜாக்கி எடுக்க."

"நீ பயந்து ஓடிட்டேன்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் கழித்து, "சங்கிலிய விட்டுட்டுத் திரும்புனியா, அத்தோட முடிஞ்சதுன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் கூடவே இருந்தவளை அப்படி நினைக்க எப்படி மனசு வந்தது என்று கேட்க நினைத்தேன். அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் வலியில் முகம் சுளிப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. பிறகு கேபின் என்னாயிற்று என்றார். மறைக்காமல் சொன்னேன். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் முற்றத்துப் பக்கம் வரவில்லை. அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொன்னார். லாரியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று ஒரு நாள் சொன்னார்.  அந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரி அவரைப் பார்க்க வந்தாள். எழுந்து போகும்போது வாசலில் என்னிடம், சத்தம் கூட்டாமல், நேராகச் சொன்னாள்: "வண்டி மட்டும் சந்துல நிக்கலேன்னா, அன்னைக்கு அவுகள நடத்தியே கூட்டிட்டுப் போயிருக்க வேண்டாம் அக்கா." நான் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? உள்ளே இருந்த அவருக்கும் அது கேட்டிருக்கும்.

மறுநாள் அவரே எழுந்து, மார்பைக் கையால் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஹைட்ரா வந்தது. கேபினைத் தூக்கித் தறிக்கூடத்து சிமென்டுத் தரையில் வைத்தது. சேசிஸைத் தூக்கி, எங்கள் துணி துவைக்கிற இடத்தை இடித்துவிட்டு, முற்றத்துக்குள் முழுதாக நிறுத்தியது. வேன் மறுபடியும் சந்துக்குள் வந்தது. நாங்கள் துணியைத் தறிக்கூடத்துக்குப் பின்னால் துவைக்கத் தொடங்கினோம்.

வளைந்த தூணை நான்தான் நிமிர்த்தினேன். அவரால் சுத்தியலை ஓங்க முடியாது. ஓங்கினால் விலா இழுக்கும். நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்வார், நான் அடிப்பேன். முதலில் பழையபடி கட்டளைதான். ஒரு நாள் நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, இப்படிச் சொன்னால் எனக்குக் கை ஓடவில்லை என்றேன்.  அவர் எழுந்து வந்து, எங்கே அடிக்க வேண்டுமோ அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். அதற்குப் பிறகு அப்படியே நடந்தது. ஜாக்கி குழித்த இடத்தை மட்டும் சரியாக எடுக்க முடியவில்லை. பட்டியை எவ்வளவு பூசினாலும் வெயில் பட்டால் தெரிகிறது.

மாசியில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கல் மாதிரி ஆன பிறகு, ஹைட்ரா மறுபடியும் வந்து கேபினைச் சேசிஸ் மேல் இறக்கியது. நான் அவரைச் சுவரோரம் நிற்கச் சொன்னேன். நின்றார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. போல்ட்டுகளை நான் முடுக்கினேன். அதற்குப் பிறகு எஞ்சின், பிரேக், பேப்பர் வேலை என்று கோடை முழுக்க ஓடியது.

வண்டி ஓடத் தொடங்கிய அன்று திருச்சுழி வரை போய் வரலாம் என்றார். நான் பக்கத்து சீட்டில் ஏறினேன். தரைத்தகடு சூடேறிச் செருப்பு வழியாகச் சுட்டது. வேகம் ஏறியதும் கேபின் முழுக்க அதிர்ந்தது. எதிரே ஒரு பஸ் வந்தபோது நான் என்னையறியாமல் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார்.

"பயமா இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

அவர் கியரைக் குறைத்தார். பஸ்ஸுக்கு வழி விட்டு, மண் ஓரத்தில் ஒதுக்கி, மெதுவாகவே போனார். வழியில் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி, நான் கேட்காமலே, மலைப்பாதையில் ஒரு தடவை பனிச்சரிவு வந்து கேபினுக்குள் மாட்டிக்கொண்டதைச் சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. எஞ்சின் ஆறிவிட்டது. மறுபடி ஸ்டார்ட் ஆக மறுத்ததால், அந்த வழியாக வந்த ஒரு மினி லாரிக்காரரைக் கெஞ்சி, இழுத்துவிடச் சொல்லித்தான் வீடு வந்து சேர்ந்தோம்.